தொண்டை வலிக்கு 3 மாத்திரை போதுமா? டீன் ஏஜ் டான்சிலில் ஒளிந்திருக்கும் பாக்டீரியா!

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் தொண்டை கரகரத்தால், பட்டாசு மருந்துத் தூசு மேல் பழி விழுவது சகஜம். அடுத்து, மெடிக்கல் ஷாப்பில் 3 மாத்திரை கொண்ட அசித்ரோமைசின் அட்டை. ஆனால் 15 முதல் 30 வயதுக்காரர்களுக்கு இந்தக் கணக்கு தப்பலாம். ஏன் தெரியுமா?

தூசா, தொற்றா?

தூசும் புகையும் தொண்டையை எரிய வைக்கும், இருமல் வரும். ஆனா காய்ச்சல் வராது. டான்சில் வீக்கத்தில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஒரு வாரத்தில் தானாகவே சரியாகிடும்.

காய்ச்சல், டான்சிலில் வெள்ளைச் சீழ், கழுத்தின் முன்பக்கம் நெறிகட்டி வலி, இருமல் இல்லாமை. இந்த நான்கில் மூன்று இருந்தாலே பாக்டீரியாவாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. 1981-ல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் சென்டர் வகுத்த அளவுகோல் இது.

எந்தெந்த பாக்டீரியா?

பலருக்கும் தெரிந்தது குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ். 5 முதல் 15 வயதில் இதுதான் முக்கிய வில்லன். சிகிச்சை எடுக்காமல் விட்டால், சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வே பாதிக்கப்படலாம்.

இளைஞர்களிடம் இன்னொன்றும் இருக்கிறது: ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம். 2015-ல் வெளியான ஆய்வுக்காக, பர்மிங்காமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்தில், தொண்டை வலியோடு வந்த 312 மாணவர்களைப் பரிசோதித்தது சென்டர் குழு. 20.5 சதவீதம் பேரிடம் இந்தக் கிருமி இருந்தது. ஸ்ட்ரெப் இருந்தது 10.3 சதவீதம் பேரிடம்தான். அதேநேரம், வலியே இல்லாத மாணவர்களில் 9.4 சதவீதம் பேரிடமும் இது இருந்தது. எனவே கிருமி இருந்தாலே நோய் என்று சொல்லிவிட முடியாது.

ஆபத்து எங்கே?

அரிதாக, இந்தத் தொற்று கழுத்து ரத்தக் குழாயில் ரத்தக்கட்டியை உண்டாக்கி நுரையீரல் வரை பரவும். இதற்கு லெமியர் நோய் என்று பெயர். சிக்கல் என்னன்னா, அசித்ரோமைசின் வகை மருந்துகளுக்கு இந்தக் கிருமி பெரும்பாலும் மசியாது. பென்சிலின் வகை கேட்கும். அதுக்காக அமாக்சிசிலினை நீங்களே வாங்கிப் போடாதீங்க. டீன் ஏஜில் வரும் மோனோநியூக்ளியோசிஸ் என்ற வைரஸ் காய்ச்சலும் டான்சிலை வீங்க வைக்கும். அப்போது அமாக்சிசிலின் எடுத்தால் உடம்பெல்லாம் தடிப்பு வரலாம்.

எப்போது ஓடணும்?

5 நாளாகியும் வலி குறையலையா? குளிர் நடுக்கம், கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் வீக்கம், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல்... இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி, மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மாத்திரை அட்டையைக் கிழிக்கும் முன், தொண்டையை ஒரு டாக்டர் பார்த்தாரா என்பதுதான் முதல் கேள்வி.