மஸ்காராவும் வுழூவும்

கல்யாண வீட்டுக்குப் பூசிய 'வோட்டர் புரூஃப்' மஸ்காராவோடு வுழூ கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள், சகோதரி. கூடாது. ஷாபிஈ மத்ஹபில் முகத்தோடு இமைமயிரும் அதன் அடியும் நனைய வேண்டும்; இதுவோ மயிரை மெழுகாய் மூடி நிற்கிறது. கண்ணுக்குள் இடும் சுர்மாவின் கதை வேறு. கண்ணின் உட்புறத்தைக் கழுவுவது கடமையில்லை.

பாமசியில், இரண்டு படையாய்ப் பிரிந்து நிற்கும் போத்தலொன்றை வாங்கி என் மனைவி பாவித்துப் பார்த்தார். மேலே மிதக்கும் எண்ணெய்தான் மெழுகைக் கரைக்கிறது. ஆகவே நன்றாகக் குலுக்குங்கள். பஞ்சில் நனைத்து, மூடிய கண்மேல் அரை நிமிடம் வைத்து, மெதுவாகக் கீழ்நோக்கித் துடையுங்கள். அவசரப்பட்டுத் தேய்த்தால் இமைமயிர்தான் உதிரும். லென்ஸ் அணிபவர்கள் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். பிறகு சவர்க்காரமிட்டு முகம் கழுவி வுழூச் செய்யலாம். சின்னப் போத்தல்தானே, கைப்பையில் இருந்தால் கல்யாண வீட்டிலேயே மஃரிபைத் தொழுதுவிடலாம்.