ஒன்றா, ஒத்ததா?

'இரண்டும் ஒன்றுதான்' என்று நாம் நாள்தோறும் சொல்லுகிறோம். அச்சொல்லுக்குள் இரு பொருள்கள் அடங்கியிருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. நம் சங்கத்துப் பிள்ளைகள் பலர் சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் கணிப்பொறிக்கு நிரல் எழுதுகின்றனர். அவர்களுக்கு இவ்வேறுபாடு அன்றாடத் தொல்லை. பெற்றோராகிய நாம் அதனை ரயிலடியிலேயே கற்கலாம்.

ஷாலிமாரிலிருந்து சென்னை செல்லும் கோரமண்டல் எக்ஸ்பிரஸின் எண் 12841. அது சென்னை சேர 24 மணி நேரத்துக்கு மேலாகிறது. ஆகவே, நேற்றைய வண்டி சென்னையை அடையுமுன்பே இன்றைய வண்டி இங்கிருந்து புறப்பட்டுவிடுகிறது. பெயரும் எண்ணும் வழியும் ஒன்றே, வண்டிகளோ இரண்டு. கால அட்டவணை அச்சிடுவோர்க்கு எண் ஒத்தால் போதும். படுக்கை ஒதுக்குவோர்க்குப் புறப்படும் தேதியும் ஒத்தாக வேண்டும். எவ்வெக் கூறுகள் ஒத்தால் சமம் என்பதைச் செய்யும் வேலையே தீர்மானிக்கிறது.

பொருள்நோக்கு நிரலாக்கத்திலும் இதே நிலைதான். 1995-இல் வெளிவந்த ஜாவா மொழியில் இரு பொருள்களுக்கிடையே இரட்டைச் சமக்குறி இட்டால், 'நினைவகத்தில் இவை ஒரே பொருள்தானா?' என்பது கேள்வி. உள்ளடக்கம் ஒத்ததா என்றறிய 'ஈக்வல்ஸ்' என்பதை அழைக்க வேண்டும். நாம் வகுக்கும் புதுவகைப் பொருளுக்குச் சமம் இன்னதென நாமே வரையறுக்காவிடில், ஈக்வல்ஸும் இரட்டைச் சமக்குறியின் விடையையே கூறும். பைதானிலோ இரட்டைச் சமக்குறி 'ஒத்ததா?' என்று கேட்கும், 'ஒன்றா?' என்று கேட்க 'இஸ்' என்னும் சொல் உண்டு.

ஜாவாவில் ஒரு கண்ணி உண்டு. -128 முதல் 127 வரையுள்ள முழு எண்களைப் பொருளாக்கும்போது, முன்பே ஆக்கிவைத்த பொருளையே அம்மொழி திரும்பத் தருகிறது. எனவே 100-ஐயும் 100-ஐயும் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் 'ஆம்' என்னும். 1000-ஐயும் 1000-ஐயும் ஒப்பிட்டால் பொதுவாக 'இல்லை' என்னும். சிறு எண்களால் மட்டும் சோதித்தவர் பிழையைக் காணமாட்டார்.

மற்றொரு விதி: சமமான பொருள்கள் ஒரே 'ஹாஷ்கோட்' தரவேண்டும். அது கோப்பறையின் அலமாரி எண் போன்றது. சமமான இரு கோப்புகள் வெவ்வேறு அலமாரிக்குச் சென்றால், ஒன்றைத் தேடுபவர் மற்றதை ஒருபோதும் காணார்.

இவ்விதிகள் நம் இல்லத்தையும் தொடுகின்றன. பள்ளிச் சான்றில் 'ஆர். சுப்பிரமணியன்', குடும்பப் பெயர் கேட்கும் படிவத்தில் 'சுப்பிரமணியன் ராமசாமி'. ஆள் ஒருவரே, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரலுக்கோ இருவர். கணவரை இழந்த மாதொருத்தியின் குடும்ப ஓய்வூதியம் இத்தகைய வேறுபாட்டால் மாதக்கணக்கில் நின்றுபோகக்கூடும். மறுபுறம், ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் உடைய இருவரை ஒருவராக்குவதும் தீங்கே. ஆதாருக்கு 12 இலக்க எண் அமைந்ததும் பெயரால் மட்டும் ஆளை அறிய இயலாமையால்தான்.

நிரல் எழுதும் இளைஞர்கள் ஒப்பீட்டை எழுதுமுன், 'நாம் கேட்பது ஒன்றா என்பதையா, ஒத்ததா என்பதையா?' என்று தம்மை வினவிக்கொள்வார்களாக. இல்லறத்தார் எல்லா ஆவணங்களிலும் பெயரை ஒரே வடிவில் எழுதிவைப்பார்களாக. வேறுபாடு இருப்பின், உரியவர் உயிரோடிருக்கும்போதே திருத்திக்கொள்வது நலம்.