கலைக்கூடமும் நமது களமே

தில்லி மண்டி ஹவுஸ் வட்டாரத்துக் காட்சிக்கூடம் ஒன்றில் இளம் ஓவியர்களும் சிற்பிகளும் இணைந்து நடத்திய கூட்டுக் கண்காட்சியை அண்மையில் கண்டேன். நுழைவுக் கட்டணம் இல்லை. செங்கல் சுமக்கும் பெண், சாரத்தில் நிற்கும் கட்டுமானத் தொழிலாளி, மூட்டை முடிச்சுகளோடு ஊர் திரும்பும் குடும்பம் எனப் பாதிப் படைப்புகள் உழைக்கும் மக்களைப் பற்றியவை. பார்வையாளர்களிடையே அம்மக்களில் ஒருவரையும் காணவில்லை.

"ஓவியக் கண்காட்சி வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு, அங்கு நமக்கென்ன வேலை?" எனும் எண்ணம் நம் தோழர்களிடமும் உண்டு. சந்தையில் கலை சரக்காகிவிட்டது என்பது மெய்யே. ஆனால் அதன் பொருட்டுக் கலையைக் கைவிடுவது, நிலம் ஜமீன்தாரிடம் இருப்பதால் உழவன் அதை மறந்துவிட வேண்டும் என்பதற்கு ஒப்பாகும்.

நமது இயக்கத்தின் மரபு அதுவன்று. 1943இன் வங்கப் பஞ்சத்தை மேதினிப்பூர் கிராமங்களில் அலைந்து வரைந்தவர் சித்தபிரசாத். அச்சித்திரங்கள் அடங்கிய சிறுநூலின் படிகளை ஆங்கில அரசு பறித்து அழித்தது. 1946இல் தேபாகா உழவர் போராட்டத்தைப் பதிவுசெய்யச் சோம்நாத் ஹோரைக் கட்சியே அனுப்பியது. தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959 முதல் சென்னைக் கடற்கரையில் நிற்கிறது. அதன் முன் மே தினத்தில் கூடும் தொழிலாளருக்குச் சிற்பக்கலை அந்நியமாகுமா?

கலையைப் பார்க்கும் கண் படித்தவர்க்கே உரியதுமன்று. அக்கண்காட்சியில் வெண்கலச் சிற்பம் ஒன்றிருந்தது. மெழுகில் உருவமைத்து, அச்செடுத்து, உலையில் உருக்கிய உலோகத்தை வார்த்து, அராவிச் செப்பமிட்டால்தான் அத்தகைய சிற்பம் பிறக்கும். வார்ப்பாலைத் தொழிலாளி ஒருவர் அதைப் பார்த்திருந்தால், விமர்சகர் காணாத உழைப்பின் தடங்களைக் கண்டிருப்பார். பெயர்ப்பலகையில் சிற்பியின் பெயரும் விலையும் மட்டுமே இருப்பது ஏன் என்றும் கேட்டிருப்பார்.

ஆகவே சில பணிகள் நம்முன் உள்ளன. நகரக் கிளைகள் ஆண்டுக்கு இருமுறையேனும் தொழிற்சங்க உறுப்பினர்களைக் குடும்பத்தோடு கண்காட்சிகளுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். உடன் ஓர் ஓவியத் தோழரும் சென்று விளக்கினால் நலம். பொதுப்பணத்தில் இயங்கும் கூடங்கள் வேலைநேரம் முடிந்த பின்னரும் சில மணி திறந்திருக்க வேண்டும். விளக்கக் குறிப்புகள் அந்தந்த மாநில மக்களின் மொழியில் இருக்க வேண்டும். நான் கண்ட கண்காட்சியில் அவை ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன. வாசல் திறந்திருந்தும் மொழி தாழிட்டிருந்தால், கட்டணமின்மையால் யாருக்குப் பயன்?

அவ்வட்டாரத்துச் சாலை ஒன்று சப்தர் ஹாஷ்மியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சாகிபாபாத்தின் தொழிலாளர் பகுதியில் வீதி நாடகம் நடத்துகையில் 1989 ஜனவரி 1 அன்று தாக்கப்பட்டு, மறுநாள் உயிர்நீத்தவர் அவர். கலையைத் தொழிலாளரிடம் கொண்டுசெல்ல அவர் தம் உயிரையே ஈந்தார். தொழிலாளரைக் கலைக்கூடத்துக்கு அழைத்துச் செல்ல நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையையாவது ஈயலாம்.