ஆங்கில முதுமாணியும் திருகோணமலைப் பட்டதாரிகளும்

பிரித்தானியக் கடற்படை 1957 இல் திருகோணமலைத் தளத்தைக் கையளித்துச் செல்லும் வரை, அங்கு அலுவலகப் பணி விரும்பியோருக்கு ஆங்கிலம் அவசியமாயிருந்தது. இன்று சீனன்குடாவின் ஆலைகளும் எண்ணெய்த் தாங்கிகளும், நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களும் அதையே கேட்கின்றன. ஆயினும் ஆங்கிலத்தில் பட்டம் பெற்றவர் மேற்கொண்டு கற்க எங்கே செல்வது?

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் 2001 இல் உருவானது. மொழிகளுக்கும் தொடர்பாடல் கற்கைகளுக்குமான துறை அங்குண்டு. எனினும் ஆங்கில முதுமாணி என்றதும் இப்பகுதியினர் பெரும்பாலும் நோக்குவது களனியையும் பேராதனையையும் கொழும்பையுமே. வார இறுதி வகுப்பு கொழும்பில் வசிப்பவருக்கு வசதியானது. மூதூரிலோ கிண்ணியாவிலோ கற்பிக்கும் ஆசிரியைக்கு அது வெள்ளி இரவு பஸ் ஏறி, ஏறத்தாழ 260 கிலோமீற்றர் கடந்து, ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை மீண்டும் கரும்பலகை முன் நிற்பதாகும். தங்குமிடத்துக்கும் துணைக்கு வருபவருக்கும் ஆகும் செலவு வேறு. தமிழ்க் குடும்பமாயினும் முஸ்லிம் குடும்பமாயினும் இதில் வேற்றுமையில்லை.

இத்தனை சிரமத்தின் பின் கிடைக்கும் பட்டம் எதற்கு உதவும் என்பதையும் முன்னரே அறிதல் நன்று. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 30 திறமைப் புள்ளிகள் கொண்ட கற்கைமுறை முதுமாணி ஒன்பதாம் மட்டத்தில் அமைகிறது. ஆய்வுக் கூறுடன் 60 புள்ளிகள் கொண்டது பத்தாம் மட்டம். பாடசாலை ஆசிரியருக்கு முன்னையது பயன்தரலாம். பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவியில் உயர எண்ணுபவருக்கோ ஆய்வுப் பட்டமே வேண்டும். பெயர் ஒன்றாயிருப்பதால் ஓராண்டுப் பட்டத்தைப் பெற்றுவிட்டுப் பின்னர் வருந்துவோர் உளர்.

விரிவுரையாளர் பதவிகள் மிகச் சில. மொழிபெயர்ப்பு அவ்வாறன்று. மும்மொழியும் புழங்கும் இம்மாவட்டத்தில் நீதிமன்றங்களுக்கும் பிரதேச செயலகங்களுக்கும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் தேர்ந்தவர்கள் தேவை. ஆங்கில இலக்கியம் மட்டும் பயின்றவர் இப்பணிக்குப் போதார். சிங்களத்தையும் முறையாகக் கற்றிருத்தல் வேண்டும். நம்மவர் பலர் தவறவிடுவது இதனையே.

கோணேசபுரி வளாகத்தில் வார இறுதி முதுமாணி வகுப்பொன்றை, மொழிபெயர்ப்பையும் ஒரு பாடமாகச் சேர்த்து, வருகை விரிவுரையாளர்களைக் கொண்டு நடத்துவது இயலாததன்று. ஐம்பது மாணவர் கொழும்புக்குப் பயணிப்பதிலும் இரு விரிவுரையாளர் இங்கு வந்து செல்வது எளிது. பல்கலைக்கழக நிர்வாகமும் மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம் மக்கள் பிரதிநிதிகளும் இக்கோரிக்கையைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் இணைந்தே முன்வைத்தல் வேண்டும்.