ஆப்பிள் செய்த பாவமா?

ஆப்பிள் என்றவுடன் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? ஜுரத்தில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது காகிதப் பையில் வாங்கிக்கொண்டு போவோமே, அந்தப் பழந்தானே? இங்கிலாந்தின் மேற்கே ஹெரிபோர்டு, ஸாமர்ஸெட், டெவன் என்று சில ஜில்லாக்கள் இருக்கின்றன. அந்தப் பக்கத்து 'கிங்ஸ்டன் பிளாக்', 'பாக்ஸ்வெல்ப்' ஆப்பிள்களை நோயாளிக்கு நறுக்கிக் கொடுத்துப் பாருங்கள். எழுந்து உட்கார்ந்து உங்களைத் திட்டுவார்! அப்படி ஒரு புளிப்பு, அப்படி ஒரு துவர்ப்பு.

தின்ன உதவாத இந்தப் பழங்களிலிருந்துதான் 'ஸைடர்' என்ற பானம் பிறக்கிறது. மதுவிலக்குக் கட்சியைச் சேர்ந்த வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்களைக் குடிக்கச் சொல்லப் போவதில்லை. நான் சொல்ல வந்தது ஒரு வயிற்றுவலிக் கதை.

பழங்காலத்துச் செய்முறை மிகவும் எளிது. இலையுதிர் காலத்தில் பழங்களைச் சேர்த்துக் கூழாக அரைப்பார்கள். கூழைத் துணியிலோ வைக்கோலிலோ மடித்து, அடுக்கடுக்காக வைத்துப் பிழிவார்கள். சாற்றைப் பீப்பாயில் விட்டபின் சும்மா இருக்க வேண்டியதுதான்! பழத்தோடும் ஆலையோடும் ஒட்டிக்கொண்டு வரும் காட்டு ஈஸ்டே மற்றதைக் கவனித்துக்கொள்ளும். நம் ஊர்ப் பனங்கள் தானே நுரைத்துக்கொள்வதும் இதே வித்தைதான். இது குளிர் தேசம் அல்லவா? மெள்ள மெள்ளப் புளித்து, வசந்த காலத்தில்தான் பதத்துக்கு வரும்.

ருசி பார்ப்பவர்கள் முதலில் மூக்கைத்தான் வேலைக்கு அனுப்புவார்கள். ஆப்பிள் வாசனையை எதிர்பார்த்துப் போனால் வைக்கோலும், பழைய தோல்பையும், கொஞ்சம் கிராம்பும் வந்து நிற்கும். அப்புறம் ஒரு வாய். நாவற்பழம் தின்றபின் நாக்கு என்ன பாடுபடுமோ, அதுவேதான். அந்தத் துவர்ப்புத்தான் ஸைடருக்கு முதுகெலும்பு. 1903-ல் பிரிஸ்டலுக்கு அருகே லாங் ஆஷ்டனில் பார்க்கர் என்ற பேராசிரியர் ஸைடர் ஆப்பிள்களை நான்கு ஜாதியாகப் பிரித்தார். துவர்ப்புச் சத்து 0.2 சதவீதத்தைத் தாண்டினால் அது 'கசப்பு' ஜாதி. பாருங்கள், வாழைப்பூவுக்காக நாம் அறுசுவையில் தனியாக ஓர் இடமே ஒதுக்கி வைத்திருக்கிறோம். அவர்களோ துவர்ப்பையும் கசப்பு என்றே எழுதிவிட்டார்கள்!

வயிற்றுவலிக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டில் டெவன் ஜில்லாவில் ஸைடர் குடித்தவர்களுக்குக் கொடிய சூலைநோய் கண்டது. வயிற்றைப் பிசையும், கை விழுந்துவிடும், சிலர் செத்தும் போனார்கள். "ஆப்பிளின் புளிப்புத்தான் காரணம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அதே டெவனில் பிறந்த டாக்டர் ஜார்ஜ் பேக்கருக்கு மட்டும் ஒரு சந்தேகம். ஹெரிபோர்டுக்காரனும் அதே ஸைடரைத்தானே குடிக்கிறான், அவனுக்கு ஏன் வரவில்லை?

வித்தியாசம் பழத்தில் இல்லை, ஆலையில் இருந்தது. டெவனில் அரைக்கும் கல்லின் இணைப்புகளிலும் பிழியும் பொறியிலும் காரீயத்தை வைத்திருந்தார்கள். புளித்த சாறு அதைக் கரைத்துக்கொண்டது. (ரசம் வைக்கும் அசல் ஈயச்சொம்பு வெள்ளீயம்; அது வேறு, பயப்படாதீர்கள்.) பேக்கர் டெவன் ஸைடரைச் சோதித்து, அதில் காரீயம் இருப்பதைக் காட்டி 1767-ல் எழுதினார். ஊர் நன்றி சொன்னதா? ஆலைக்காரர்களும் பாதிரிமார்களும் சண்டைக்கு வந்தார்கள். ஊர்த் தொழிலுக்கே உலை வைக்கிறான் என்ற கோபம். ஆனாலும் நாளடைவில் காரீயம் ஆலைகளை விட்டுப் போயிற்று. நோயும் கூடவே போயிற்று.

இன்றைய ஸைடரில் அந்த விஷம் கிடையாது. தண்ணீரும் சர்க்கரையும் உண்டு! 2010-ல் பிரிட்டன் போட்ட விதிப்படி 35 சதவீதம் பழச்சாறு இருந்தாலே அதற்கு ஸைடர் என்று பெயர். முழுச்சாற்றில் செய்யும் பண்ணைக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சரக்குக்கும் அதே பெயர்தான்.

லண்டனில் இருக்கும் மருமகப்பிள்ளை ஒரு புட்டியைத் திறந்தால், "மாப்பிள்ளை, இதில் சாறு எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். 1.2 சதவீதத்துக்கு மேல் சாராயச் சத்துள்ள பானங்களுக்குச் சேர்மானப் பட்டியல் அச்சிட வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை.