உடைத்தேன், ஆனால் உடையவில்லை: பேச்சால் ஆடப்படும் ஓர் ஆட்டம்

சற்று நீண்ட பதிவு. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் வழியாகவோ விடுதி அறைப் பேச்சின் வழியாகவோ 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரைக் கேள்வியுற்று, "அது கணினியில் ஆடுவதா, அட்டையில் ஆடுவதா?" என்று வினவும் ஆய்வு மாணவர்களை முன்னிட்டு இதனை எழுதுகிறேன்.

இரண்டுமல்ல. மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்ந்து பேசுவதே ஆட்டம். தாளும் பென்சிலும் பகடையும் உடனிருக்கும். ஆனால் காய் நகர்வது பேச்சில்தான். மொழியியல் பயில்வோர் இதனைக் கவனிக்க வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான். நம் பல்கலைக்கழக விடுதிகளில் இது ஆடப்படும் முறையோடு எனக்குள்ள கருத்து வேறுபாடும் இங்கிருந்தே தொடங்குகிறது.

முதலில் ஆட்டம் எவ்வாறு நடக்கிறது என்பதைப் பார்ப்போம். ஒருவரைத் தவிர ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை உருவாக்கிக்கொள்கின்றனர்: மந்திரவாதி, திருடர், போர்வீரர், இவ்வாறாக. எஞ்சிய ஒருவர் உலகத்தை ஏற்று நடத்துகிறார். வானிலை, ஊர், எதிரி, வழிப்போக்கர், கதவின் பூட்டு எல்லாம் அவர் பொறுப்பு. ஆங்கிலத்தில் 'டஞ்சன் மாஸ்டர்' என்பர். நான் 'நடத்துநர்' என்கிறேன். பேருந்து நினைவுக்கு வந்தால் தவறில்லை. இவரும் இறங்க வேண்டிய இடத்தில் இறக்கிவிடுபவர்தாம். அண்மையில் ஆடிய ஆட்டத்திலிருந்து ஒரு துண்டினை எழுத்து நடைக்கு மாற்றித் தருகிறேன்.

நடத்துநர்: "ஆற்றங்கரையில் கைவிடப்பட்ட ஒரு சுங்கச்சாவடி. கதவு பூட்டியிருக்கிறது. ஆனால் உள்ளே விளக்கு எரிகிறது."

திருடரை ஏற்றவர்: "ஓசையெழாமல் பின்புறம் சென்று சாளரத்தின் வழியே பார்க்கிறேன்."

போர்வீரரை ஏற்றவர்: "நான் கதவை உடைக்கிறேன்."

திருடரை ஏற்றவர்: "பொறு, நான் இன்னும் பார்த்து முடிக்கவில்லை!"

பின்புறம் செல்வது கூடுமா என்பதை நடத்துநர் தம் விருப்பப்படி முடிவு செய்வதில்லை; பகடை உருட்டப்படுகிறது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 5ஆம் பதிப்பில் கணக்கு எளிது. நடுத்தரக் கடினமுடைய செயலுக்கு இலக்கு 15. திருடரின் சுறுசுறுப்பு 16 எனில் அவருக்கு 3 கூடுதல்; ஒளிந்து செல்வதில் பயிற்சி உண்டெனில் தொடக்க நிலையில் மேலும் 2. ஆக, 20 முகங்கள் கொண்ட பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும். வாய்ப்பு 55 விழுக்காடு. பயிற்சி இல்லாவிடில் 12 தேவை. வாய்ப்பு 45 விழுக்காடு. பயின்றவருக்கும் பயிலாதவருக்கும் இடைவெளி பத்து விழுக்காடுதான். பகடையின் ஆட்சி அவ்வளவு பெரிது. வெற்றி, தோல்வி என்று ஆட்டத்தின் முடிவில் எதுவும் இல்லை. சில வேளைகளில் முடிவே இல்லை. ஒரே கதையை மாதக்கணக்கில் ஆடுவோர் உண்டு.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ராய்ஸ்விட்ஸ் வெளியிட்ட போர்ப்பயிற்சி ஆட்டத்தில், அதிகாரிகள் இடும் ஆணைகளின் விளைவைத் தீர்மானிக்க ஒரு நடுவர் இருந்தார். இன்றைய நடத்துநரின் மூதாதை அவரே எனலாம். அமெரிக்கப் போர் ஆட்டக்காரர்களிடையே வளர்ந்த அம்மரபிலிருந்து கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் மூன்று சிறு நூல்களை ஒரு பெட்டியிலிட்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டனர். முதல் அச்சு 1000 படிகள். படைப்பிரிவுகளை நகர்த்திய இடத்தில் ஒரு தனி மனிதரை நகர்த்துவது என்பதே அவர்கள் செய்த பெரிய மாற்றம். அதன் பின்னர் வந்த ஆட்டங்கள் பல. அவற்றுள் 2009இல் வெளிவந்த 'ஃபியாஸ்கோ' போல நடத்துநரே இல்லாதனவும், மந்திரமோ டிராகனோ இல்லாதனவும் உண்டு.

இனி எனக்கு விருப்பமான பகுதி. மேலே கண்ட துண்டில் "பொறு" என்றது யார்? திருடர் போர்வீரரிடம் சொன்னதா? ஒரு மாணவர் இன்னொரு மாணவரிடம் சொன்னதா? அவர்கள் ஓர் ஆட்டத்தில் இருப்பவர்கள் என்ற முறையில் "என் முறை முடியவில்லை" என்று உணர்த்தியதா? மின்னியாபொலிஸ் நகர ஆட்டக்காரர்களை ஆராய்ந்து 1983இல் 'ஷேர்டு ஃபேண்டசி' என்ற நூலை எழுதிய சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன், கோஃப்மனின் சட்டகக் கோட்பாட்டைக் கொண்டு இம்மூன்று அடுக்குகளையும் பிரித்துக் காட்டினார். ஆட்டக்காரர்கள் ஒரே 'நான்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இவ்வடுக்குகளிடையே நொடிக்கு நொடி தாவுகின்றனர், எவரும் குழம்புவதில்லை. சுட்டுப்பெயர்களைப் பற்றி வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் பயின்றவற்றுக்கு இங்கே ஒரே மாலையில் சான்று கிடைக்கும்.

இந்திய மொழிகளில் ஆடும்போது இது மேலும் சுவையாகிறது. "நாங்கள் குகைக்குள் நுழைகிறோம்" என்று ஆட்டக்காரர் நடத்துநரிடம் சொன்னால், அந்த 'நாங்கள்' நடத்துநரை வெளியே நிறுத்துகிறது. அவர் குகைக்குள் வருபவரல்லர், குகையே அவர்தாம். "நாம் எத்தனை மணிவரை ஆடலாம்?" என்றால் அவரும் உள்ளே வந்துவிடுகிறார். கதை எங்கே முடிகிறது, மேசை எங்கே தொடங்குகிறது என்பதைத் தன்மைப் பன்மையே காட்டிக்கொடுக்கிறது. தெலுங்கிலும் மலையாளத்திலும் மராத்தியிலும் இவ்வேறுபாடு உண்டு, ஆங்கிலத்தில் இல்லை. இந்தியிலோ வேறொரு சிக்கல்: 'போகிறேன்' என்பதற்கு ஆண் 'ஜாதா ஹூன்' என்றும் பெண் 'ஜாதீ ஹூன்' என்றும் சொல்ல வேண்டும். பெண் மந்திரவாதியை ஏற்ற ஆண், வாயைத் திறந்தவுடனேயே தாம் இப்போது யார் என்பதை முடிவு செய்தாக வேண்டும்.

இவை எல்லாவற்றினும் எனக்கு நெருக்கமானது வேறொன்று. ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றி, 1962இல் நூலாக வந்த உரைகளில், சொல்வதே செயலாகும் கூற்றுகளைப் பற்றிப் பேசினார். இவ்வாட்டத்தின் கூற்றுகள் அத்தகையவை போலத் தோன்றினும் முழுவதும் அத்தகையவை அல்ல. "கதவை உடைக்கிறேன்" என்றவுடன் கதவு உடைந்துவிடுவதில்லை. அது ஒரு முன்மொழிவு. பகடை விழுந்து, நடத்துநர் "உடைந்தது" என்ற பின்னரே எல்லோருக்கும் பொதுவான உண்மையாகிறது. ஆட்டக்காரர் கூறுவது பிறவினை, நடத்துநர் கூறுவது தன்வினை. இரண்டுக்கும் நடுவே பகடை. தமிழில் இவ்விடைவெளி இலக்கணத்திலேயே இருக்கிறது. "எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை" என்று விடுதித் தோழரைப் பற்றி நாம் இயல்பாகச் சொல்கிறோம். "எவ்வளவோ உடைத்தேன், தேங்காய் உடையவில்லை" என்பதும் நம்மில் பலருக்கு முரணாகப் படாது. இதனை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் முரண்; 'முயன்றேன்' என்று சேர்த்தாக வேண்டும். இந்தியிலும் நம்முடையவை போன்ற தொடர்கள் உண்டு. இதனைக் கொண்டு 'இவ்வாட்டத்துக்கென்றே பிறந்தது தமிழ்' என்று மேடையேறுவோருக்கு நான் துணைவரப் போவதில்லை. நம் மொழிகளில் இதனை ஆட இயலாது என்போருக்கு விடை சொல்லவே இதனைக் காட்டினேன்.

அவ்வாறு சொல்வோர் சிலரல்லர். நான் பயிலும் பல்கலைக்கழகம் தமிழகத்துக்கு வெளியே உள்ளது. இங்கே ஆட்டக் குழுக்கள் அனைத்தும் ஆங்கிலத்திலேயே ஆடுகின்றன. பல மொழியினர் கூடும் இடத்தில் அது இயல்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சதுரங்கத்தில் ஆங்கிலம் தயங்கித் தயங்கி வருபவர் குதிரையை நகர்த்த இயலாமல் போவதில்லை. இங்கே பேச்சே காய். பேச்சு தயங்கினால் காய் நகராது.

எங்கள் குழுவில் வேதியியல் ஆய்வாளர் ஒருவர். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் பயின்றவர். மூன்று அமர்வுகளிலும் போர்வீரராகவே ஆடினார். "தாக்குகிறேன்" என்ற ஒரு சொல்லோடு அவர் முறை முடிந்துவிடும். அவருக்குச் சண்டையில்தான் விருப்பம் என்றே மற்றவர்கள் எண்ணியிருந்தனர். நான்காம் அமர்வில், தமிழ் புரிந்த மலையாளி நண்பர் நடத்துநராக அமர்ந்து, "உங்களுக்கு வசதியான மொழியில் சொல்லுங்கள், நான் மற்றவர்களுக்குச் சுருக்கிச் சொல்கிறேன்" என்றார். சுங்கச்சாவடிக்குள் இருந்தது, இறந்த பின்னும் சுங்கம் கேட்கும் ஓர் ஆவி. எல்லோரும் வாளை உருவ, வேதியியலார் மட்டும் அதனிடம் ரசீது கேட்டார். எந்த அரசனின் ஆணைப்படி, எந்த ஆண்டின் கட்டண விகிதப்படி, முத்திரை எங்கே என்று இருபது நிமிடம் குறுக்கு விசாரணை. ஆவியிடம் முத்திரை இல்லை. நடத்துநர் தாம் எழுதி வைத்திருந்த சண்டையைக் கைவிட்டார்; அதற்கடுத்த இரண்டு அமர்வுகளும் அந்த முத்திரையைத் தேடியே சென்றன. எங்கள் ஆட்டத்தின் சிறந்த பகுதி எதுவென்று கேட்டால், அந்த மேசையில் இருந்த எவரும் அதனையே சொல்வர்.

இதில் விதி சார்ந்த அநீதி ஒன்றும் ஒளிந்திருக்கிறது. போர்வீரராக ஆடுபவரை எவரும் மேசையைத் தூக்கிக் காட்டச் சொல்வதில்லை. அவர் தாளிலுள்ள வலிமை எண் போதும். ஆனால் எதிரியை இணங்கவைக்க வேண்டுமெனில், "என்ன சொல்கிறீர்கள், பேசிக் காட்டுங்கள்" என்று கேட்கும் நடத்துநர்கள் பலர். நாவன்மையோடு பேசியவருக்கு இலக்கு எண்ணையும் குறைத்துவிடுகின்றனர். விளைவு, ஆங்கிலம் சரளமாக வருபவருக்குத் தாளில் இல்லாத ஒரு கூடுதல் மதிப்பெண். கருத்தரங்கக் கேள்வி நேரங்களில் நாம் அன்றாடம் காணும் அதே காட்சி. புதியவர்கள் அறிந்திருக்க வேண்டியது இது: "இன்ன காரணத்தைச் சொல்லி அவனைச் சமாதானப்படுத்துகிறேன்" என்று சுருக்கமாகக் கூறிப் பகடை உருட்ட உங்களுக்கு முழு உரிமை உண்டு. நடித்துக் காட்டுவது விருப்பம்; கடமையன்று.

"எல்ஃப், டுவார்ஃப் என்பதையெல்லாம் தமிழில் எப்படிச் சொல்வது? நகைப்பாக இருக்காதா?" என்பது வழக்கமான மறுப்பு. எல்ஃபை எல்ஃப் என்றே சொல்லலாம், குடி முழுகிப்போகாது. இவ்வாட்டத்தின் கலைச்சொற்கள் மூலத்திலேயே நிலையாக இருந்தவை அல்ல. முதலில் 'ஹாபிட்' என்றிருந்தது, டோல்கீனின் படைப்புரிமை கொண்டோரின் எதிர்ப்பால் 'ஹாஃப்லிங்' ஆயிற்று. 'இனம்' என்ற பொருளில் ஐம்பதாண்டு வழங்கிய 'ரேஸ்' என்ற சொல், 2024 பதிப்பில் 'ஸ்பீஷிஸ்' என மாறியது. 1980இல் வந்த ஒரு துணைநூலில் இந்திரனுக்கும் வருணனுக்கும் எத்தனை அடி தாங்குவர் என்று எண் குறித்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு? அரசன் என்றவுடன் பழைய திரைப்பட வசனம் நாவில் வந்துவிடும் என்பது உண்மை. வரட்டும். இரண்டாம் அமர்வில் அது தானாகக் களைத்துவிடும்.

தாய்மொழியில் ஆடுவது எப்போதும் இனிமையாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஒருநாள் தமிழர்கள் மட்டுமே ஆடியபோது, கோபுரத்து மந்திரவாதியை எல்லோரும் 'நீங்கள்' என்றோம். வாயிற்காவலனை எல்லோரும் 'நீ' என்றோம். விதிநூல் எதிலும் அவ்வாறு இல்லை. காவலனாகப் பேசிய நடத்துநர் ஆட்டத்தை நிறுத்தி, "ஏன்?" என்று கேட்டார். சற்று நேரம் எவரும் பேசவில்லை. ஆங்கிலத்தின் ஒற்றை 'யூ' அக்கேள்வியை எழவே விட்டிருக்காது. கற்பனை உலகுக்குள் நாம் எவற்றையெல்லாம் சுமந்து செல்கிறோம் என்று அறிய விரும்பும் ஆய்வாளருக்கு, எழவிடாமல் இருப்பதைவிட எழுவதே பயனுடையது என்பது என் துணிபு.

தொடங்க விரும்புவோருக்குத் தேவையானவை சில. நான்கு பேர், மூன்று மணி நேரம். நடத்துநர் ஒருவர் மட்டும் விதிகளைப் படித்திருந்தால் போதும். 20 முகப் பகடை கிடைக்காவிடில் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளைக் குலுக்கி எடுக்கலாம். எடுத்த சீட்டை மறவாமல் மீண்டும் உள்ளே போடுங்கள், இல்லையேல் வாய்ப்புக் கணக்கு மாறிவிடும். முதல் அமர்வுக்கு முன்பே, யார் எம்மொழியில் பேசுவர், யார் சுருக்கிச் சொல்வர் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். இது ஐந்து நிமிட வேலை. 5ஆம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 சனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டுள்ளது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு எவரும் அதனை எம்மொழியிலும் பெயர்க்கலாம்.

நாங்கள் மூவர் அதனைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கியிருக்கிறோம். கதைமாந்தரின் ஆறு பண்புகளில் ஐந்து முடிந்துவிட்டன: வலிமை, சுறுசுறுப்பு, தாங்குதிறன், அறிவு, விவேகம். ஆறாவதாகிய 'கரிஸ்மா'வில் நின்றுகொண்டிருக்கிறோம். 'கவர்ச்சி' என்றால் திரைப்படச் சுவரொட்டி நினைவுக்கு வருகிறது. 'ஆளுமை' என்றால் வேலைவாய்ப்பு நேர்காணல். வேதியியலார் 'வசியம்' என்கிறார். அதற்கு எதிராக இரண்டு வாக்குகள். இப்போதைக்குக் கரிஸ்மா என்றே எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட்டு வைத்திருக்கிறோம்.