திறமை இருந்தால் அதையே தொழிலாக்கணுமா?

பிள்ளை நன்றாகப் பாடினால் ‘டிவி போட்டிக்கு அனுப்புங்களேன்’ என்கிறோம். நன்றாகச் சமைப்பவரிடம் ‘ஒரு மெஸ் ஆரம்பிக்கலாமே’ என்கிறோம். பாராட்டுதான், சந்தேகமில்லை. ஆனால் சம்பாதித்துத் தராத திறமை வீண் என்ற கணக்கும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்தக் கணக்கு தப்பு.

அடையாறு பக்கமே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில், நள்ளிரவில், நீலாங்கரையில் இருந்து பெசன்ட் நகர் வரை சிலர் மணலில் நடந்து வருவார்கள். 1988 முதல் இயங்கும் மாணவர் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் அவர்கள். பங்குனி ஆமை கரையேறி முட்டையிட்ட இடத்தைக் கண்டுபிடித்து, நாய்களிடம் சிக்கும் முன்பே முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுகிறார்கள். ஒரு குழியில் சுமார் 100 முட்டைகள் இருக்கும். குஞ்சு பொரிக்க ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். நகர வெளிச்சத்தைப் பார்த்துத் திசைமாறும் குஞ்சுகளைக் கடலில் சேர்ப்பதும் இவர்கள் வேலைதான்.

இதற்கு என்ன திறமை வேண்டும்? இருட்டில் ஆமைத் தடத்தைப் பிடிக்கும் கண். மணிக்கணக்கில் நடக்கும் பொறுமை. வேடிக்கை பார்க்க வந்தவருக்கு அலுக்காமல் விளக்கும் வாய். எந்த வேலை விண்ணப்பத்திலும் இதற்கு இடம் கிடையாது. அதனால் இது வீணாகிவிட்டதா என்ன?

சு. தியடோர் பாஸ்கரனையும் நினைத்துப் பார்க்கலாம். அஞ்சல் துறையில் வேலை பார்த்து, தமிழ்நாட்டின் சீஃப் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலாக ஓய்வுபெற்றவர். ஆனால் வாசகர்கள் அவரை அறிவது தமிழ் சினிமா வரலாற்றுக்காகவும் காட்டுயிர் கட்டுரைகளுக்காகவும்தான். முன்னோடி நூலான ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ 1981-ல் வந்தபோது அவர் அரசுப் பணியில்தான் இருந்தார்.

தொழிலானால் என்ன மாறும்?

வாடிக்கையாளர் வருவார், கெடு வரும், வீட்டுக்கடன் தவணையும் அதன் தலையில் ஏறும். அமெரிக்காவில் 1973-ல் வெளியான ஓர் ஆய்வு பிரபலம். ஆசையாகப் படம் வரையும் மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலருக்கு, வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு பரிசு இல்லாத நேரத்தில், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். பணம் ஆசையைக் கொன்றே தீரும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் ஆசையும் கூலியும் ஒன்றோடொன்று அவ்வளவு சுலபமாக ஒட்டாது என்பது தெரிகிறது.

இரண்டு எச்சரிக்கைகள்

ஒன்று, இதையே சாக்காக வைத்து, கலையைத் தொழிலாக்க நினைக்கும் பிள்ளையிடம் ‘பாட்டெல்லாம் சைடுல இருக்கட்டும்’ என்று தடுக்கக் கூடாது. தொழிலாக்குவதா வேண்டாமா என்பதைத் திறமை உள்ளவர்தான் முடிவு செய்யணும்.

இரண்டு, ‘சும்மா பொழுதுபோக்குதானே’ என்று சொல்லி ஓசியில் வேலை வாங்குவது. இதில் அதிகம் மாட்டுவது பெண்கள். நாலு வீட்டு விசேஷத்துக்கு மருதாணி வைத்து, கோலம் போட்டு, முதுகு வலியோடு திரும்புவார்கள். விருப்பத்தோடு செய்வது வேறு, ‘முடியாது’ என்று சொல்ல வழியில்லாமல் செய்வது வேறு.

மற்றபடி, திறமைக்கு வேலை கொடுக்க மேடை தேவையில்லை. கையெழுத்து அழகாக இருந்தால், பார்வையற்ற மாணவருக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கலாம். கணக்கு வரும் என்றால், அடுக்குமாடிச் சங்கத்தின் வரவு செலவைச் சரிபார்க்கலாம். பேச்சில் சாந்தம் இருந்தால், வாய்த்தகராறு வரும் பார்க்கிங் பிரச்சினையைத் தீர்த்து வைக்கலாம். மாதம் ஒருமுறை செய்தாலும் போதும்.

அடுத்த முறை யாராவது நன்றாகப் பாடினால், சூப்பராக வருவீங்க, கச்சேரி பண்ணுங்க என்று வழி சொல்ல வேண்டாம். ‘இன்னொரு பாட்டு பாடுங்க’ என்று கேளுங்கள். பாடியவருக்கு அது போதும்.